வயிற்று வலி என்று எழுதப்படும் சாவுகள்

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்ததை டிவியில் காட்டி, கல்லணையில் பூத் தூவி, அதற்கெல்லாம் பல நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். சில வருஷம் அதுவும் தெரியாது. போன வருஷம் இந்த ஊரில் ஒரு அக்காவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்காகத் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை கூடப் போனேன். அவர் வீட்டுக்காரர் கூலி வேலை செய்தவர், தற்கொலையால் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் பையிலிருந்த காகிதங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது. "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர், வலி தாங்க முடியாமல், வாழ்க்கையில் வெறுப்புற்று" என்று அதில் எழுதியிருந்தது. அக்காவைப் பார்த்தேன். "அவருக்கு ஒரு நாளும் வயிறு வலிச்சதில்ல தம்பி. அவங்க எழுதிக்கிட்டாங்க, நான் கைநாட்டு வச்சேன்" என்றார்.

பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கம் படிக்கிற எல்லோருக்கும் இந்த வரி பழக்கம்தான். இதை எழுதிய ஏட்டையாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கடன் என்று எழுதினால் கடன் கொடுத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டும், குடும்பத் தகராறு என்று எழுதினால் சம்பந்தி வீடு வரை போலீஸ் போக வேண்டும், கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்திருந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வந்துவிடும். வயிற்று வலி என்றால் யார் மேலும் கேஸ் இல்லை. ஜி.எச். பிணவறை வாசலில் நிற்கும் குடும்பத்துக்கும் அந்த நேரத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று, பொழுது சாய்வதற்குள் உடம்பைக் கொடுத்தால் போதும் என்பது. எல்லோருமாகச் சேர்ந்துதான் அந்த வரியை எழுதுகிறோம். அது ஸ்டேஷனிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து டெல்லியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் போய், வருஷாந்திர அறிக்கையில் "நோய்" என்ற கட்டத்துக்குள் ஒரு எண்ணாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2022 அறிக்கையில் இந்தியாவின் தற்கொலைகளில் 18.4 சதவீதம் நோய் என்ற கட்டத்தில் இருக்கிறது. அதில் எத்தனை நிஜமான நோய் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, பூர்வகுடிகளின் தற்கொலை பற்றி எழுத வந்தவன் இதில் ஏன் ஆரம்பிக்கிறேன் என்றால், கனடாவிலும் கிரீன்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொண்டதே, யார் இறந்தார்கள், எந்த ஊரில் இறந்தார்கள், அந்த ஊர் எப்படிப்பட்டது என்று பிரித்து எண்ணிய பிறகுதான். நாம் இன்னும் பிரித்து எண்ணவே ஆரம்பிக்கவில்லை.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கனடாவின் அரசுப் புள்ளிவிவரத் துறை 2011 முதல் 2016 வரையிலான சாவுகளை எடுத்துக் கணக்குப் போட்டு 2019-இல் வெளியிட்டது. பூர்வகுடி அல்லாதவர்களில் லட்சம் பேருக்கு 8 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். முதல் குடிகள் என்று அங்கே சொல்லப்படும் செவ்விந்தியச் சமூகங்களில் 24.3, வடக்கே பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்களிடம் 72.3. ஒரே நாடு, ஒரே அரசாங்கம், ஒரே பாஸ்போர்ட், ஆனால் ஒன்பது மடங்கு வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளின் விகிதம் மற்றவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதிலும் 5 முதல் 17 வயது வரையிலான பூர்வகுடிப் பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணமே தற்கொலைதான். ஐந்து வயது என்று அந்தப் பட்டியல் ஆரம்பிப்பதைப் படித்துவிட்டு நான் அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் உடனே சொல்வது எனக்குத் தெரியும். "அந்தச் சனத்தோட குணம் அப்படி", "ரத்தத்திலேயே இருக்கு", "குடி ஜாஸ்தி". இதே வார்த்தைகளை எங்கள் ஊர் டீக்கடையில் தெற்குத் தெருவைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். கிரீன்லாந்தைப் பாருங்கள். அங்கே 1950-களில் தற்கொலை என்பது அபூர்வம். 1980-களில் உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அங்கே. முப்பது வருஷத்தில் ஒரு இனத்தின் ரத்தம் மாறாது. மாறியது வேறு. கிரீன்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசு முன்னேற்றம் என்ற பெயரில் கடலோரத்துச் சின்னச் சின்ன வேட்டைக் குடியிருப்புகளை மூடி, சனங்களை நகரத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுவந்தது. சீல் வேட்டையாடத் தெரிந்த மனிதனுக்குச் சிமெண்ட் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை, அவன் பிள்ளைக்கு அப்பாவிடம் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. விகிதம் ஏறியது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் தலைமுறையில்தான்.

கனடாவில் இன்னொரு விதமாக நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள். முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். அந்தப் பள்ளிகளில் கடைசியாக இருந்தவை மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான், அதாவது அங்கே படித்தவர்களில் பலருக்கு இன்றைக்கு வயது ஐம்பதுகூட ஆகியிருக்காது. அம்மா மடியில் வளராத பிள்ளை தான் அம்மாவாகும்போது எதைப் பார்த்து வளர்க்கும்? பிரேசிலில் குவரானி கையோவா மக்களின் நிலம் சோயாவுக்கும் கரும்புக்கும் மாட்டுப் பண்ணைக்கும் போய்விட்டது. ஒடுங்கிய ஒரு துண்டு நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள், அங்கேயும் இளைஞர்களிடம் இதே கதைதான்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் சோகக் கதை என்று படித்துவிட்டுப் போய்விடலாம். என்னை நிறுத்தி வைத்தது வேறு ஒரு எண், பூஜ்யம். உலகம் முழுக்க 30 நாடுகள், ஆட்சிப் பகுதிகளிலிருந்து வந்த 99 ஆய்வுகளைச் சேர்த்துப் படித்து 2018-இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. பூர்வகுடிகளின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 0 முதல் 187.5 வரை இருக்கிறது என்று அதில் சொல்கிறார்கள். கனடாவில் நான் மேலே சொன்ன 24.3 என்ற சராசரிக்குள்ளேயும், முதல் குடிகளின் குழுக்களில் 60 சதவீதத்துக்கும் சற்று மேற்பட்டவற்றில் அந்த ஆறு வருஷத்தில் ஒரு தற்கொலைகூட இல்லை. பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் ஒன்றுமே இல்லை, மீதி ஊர்களில் குவிந்து கிடக்கிறது. அப்படியானால் இதைப் பூர்வகுடிப் பிரச்சினை என்று சொல்வதே பாதித் தப்பு. எந்த ஊரில், ஏன் அந்த ஊரில் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர்கள் மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ் லலாண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிட்டத்தட்ட இருநூறு பூர்வகுடிக் குழுக்கள் உண்டு. 1987 முதல் 1992 வரை அவற்றில் இளைஞர்களின் தற்கொலையைக் குழு குழுவாக எண்ணி, அப்புறம் ஒவ்வொரு குழுவிடமும் எது எது அவர்கள் கையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். நில உரிமைக்காக வழக்கோ பேச்சுவார்த்தையோ நடத்துகிறார்களா, ஓரளவுக்கு சுயாட்சி உண்டா, பள்ளிக்கூடம் அவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறதா, ஆஸ்பத்திரி, போலீசும் தீயணைப்பும், பண்பாட்டுக் காரியங்களுக்கென்று சொந்தமாக ஒரு கட்டடம். மொத்தம் ஆறு. ஆறும் இருந்த குழுக்களில் அந்தக் காலத்தில் ஒரு இளைஞர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. ஆறில் ஒன்றுகூட இல்லாத குழுக்களில் இளைஞர் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 137.5. நடுவில் உள்ளவர்களிடம், ஒவ்வொன்றாகக் கூடக்கூட, விகிதம் இறங்கிக்கொண்டே வந்தது. 1998-இல் இதை வெளியிட்டார்கள். பிற்பாடு அந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள், அதில் ஒன்று குழுவின் நிர்வாகத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பது. 2007-இல் மொழியை எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேராவது தாய்மொழியில் பேசத் தெரிந்த குழுக்களில் இளைஞர் தற்கொலை ஏறக்குறைய பூஜ்யம்.

இதை அப்படியே மந்திரம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்னச் சின்னக் குழுக்கள், கொஞ்ச வருஷக் கணக்கு, தீயணைப்பு நிலையம் கட்டினால் தற்கொலை நின்றுவிடும் என்று அவர்களும் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒற்றுமையாக, தெம்பாக இருக்கிற ஊர்தான் இதையெல்லாம் போராடி வாங்கியிருக்கும் என்றும் சொல்லலாம். எனக்கு இதில் பிடிபடுவது ஒன்று. தன் ஊர்க் காரியம் தன் கையில் இருக்கிறது, நாளைக்கும் இந்த ஊர் இருக்கும், அதில் தனக்கு ஒரு இடம் இருக்கும் என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தோன்றுவதற்கும் அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. நார்வேயில் சாமி என்ற பூர்வகுடி மக்களிடம் 1970 முதல் 1998 வரை எடுத்த கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. சாமிகளிடம் தற்கொலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் கலைமான் மேய்ப்பை விடாமல் வைத்திருந்தவர்களிடம் அப்படிச் சொல்லும்படியான கூடுதல் இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். இந்தியாவில் பூர்வகுடி யார் என்ற கேள்விக்கே அரசு நேராகப் பதில் சொல்வதில்லை. 2007-இல் பூர்வகுடிகளின் உரிமை பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட இந்தியா, நம் நாட்டில் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்ற நிலையில் நின்றது. நடைமுறையில் நமக்கு இருப்பது அட்டவணைப் பழங்குடிப் பட்டியல். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சுமார் 7.95 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். டெல்டா மாவட்டங்களில் அரை சதவீதம்கூடக் கிடையாது. மலை இல்லாத, காடு இல்லாத நெல்வயல் பூமியில் பழங்குடி என்றாலே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி பாசிமணி விற்கிற நரிக்குறவர்கள், அலங்கரித்த மாட்டோடு வாசலில் வந்து நின்று நல்ல காலம் சொல்கிற பூம்பூம் மாட்டுக்காரர்கள். நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசுவது வாக்ரிபோலி, எழுத்தில்லாத மொழி, அதைப் பஸ் ஸ்டாண்டில் கேட்டுவிட்டு என்னவோ கத்துகிறார்கள் என்று நாம் கடந்து போகிறோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவர்களுடைய வேட்டைத் தொழில் குற்றமாகிவிட்டது, பதிலுக்கு வேறு தொழில் யாரும் கொடுக்கவில்லை. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது, அதுவரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பூம்பூம் மாட்டுக்காரர்கள் தங்களை ஆதியன் என்று சொல்கிறார்கள், அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது, இருந்தும் சான்றிதழுக்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக அலைகிறது. தாத்தாவுக்கு இருந்ததா, அப்பாவுக்கு இருந்ததா, பள்ளிக்கூட டி.சி.யில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்கள் எங்கே போய் எடுத்துவருவார்கள்? பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரி அட்மிஷன் தேதி போய்விடுமே என்று ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தன் பெயரில் அந்தப் பிள்ளை யார் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும், அந்தக் காகிதம் வரவில்லை.

இவர்களிடம் தற்கொலை கூடுதலா, குறைவா? சொல்வதற்கு வழியே இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடும் அறிக்கையில் வயது இருக்கிறது, ஆணா பெண்ணா இருக்கிறது, படிப்பு, தொழில், வருமானம், காரணம் எல்லாம் இருக்கிறது. பழங்குடியா, பட்டியல் சாதியா என்ற கட்டம் கிடையாது. பழைய அறிக்கைகளில் "சமூக நிலை" என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் ஆவலாகத் திறந்தேன், உள்ளே இருந்தது கல்யாணமானவர், ஆகாதவர், விதவை, விவாகரத்தானவர்.

எண்ணினாலும் சுலபமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நானூறு பேர் இருக்கிற ஒரு குடியிருப்பில் ஒரு வருஷத்தில் ஒருவர் இறந்தால் விகிதம் லட்சத்துக்கு 250 ஆகிவிடும், தமிழ்நாட்டுச் சராசரியைப்போலப் பத்து மடங்கு. அடுத்த வருஷம் யாரும் இறக்கவில்லை என்றால் பூஜ்யம். இரண்டையும் நம்ப முடியாது. அதனால்தான் இப்படிச் சின்னக் கூட்டங்களுக்குப் பத்து வருஷத்தைச் சேர்த்து, பல ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்கும் முதலில் பதிவேட்டில் அந்தக் கட்டம் வேண்டும். பத்து வருஷம் கழித்துப் பார்ப்பதற்கு இன்றைக்கே எழுத ஆரம்பித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டுச் சராசரி என்று சொன்னேன் இல்லையா, அதுவே லேசுப்பட்டதில்லை. 2022-இல் இந்தியாவுக்கு லட்சத்துக்கு 12.4, தமிழ்நாட்டுக்கு 25.9, காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரிக்கு 29.7. எண்ணிக்கையில் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். கனடாவின் முதல் குடிகளுக்கு 24.3 என்று பார்த்து அங்கே நாடே பதறுகிறது, நம் மாநிலத்தின் ஒட்டுமொத்தச் சராசரியே அதற்கு மேல். மற்ற மாநிலங்களைவிட இங்கே போலீஸ் பதிவு ஓரளவு ஒழுங்காக நடப்பதும் இதற்கு ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது.

அந்தச் சராசரிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் 34 சதவீதம், மாநிலத்திலேயே அதிகம். இவர்களை நான் கனடா அர்த்தத்தில் பூர்வகுடி என்று சொல்ல வரவில்லை. வரலாறு வேறு, அரசியல் வேறு, இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் அநியாயம். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இந்த வண்டலில் நின்று நட்டு அறுத்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு குழிகூடச் சொந்தமில்லை, குடியிருந்த மனைகூடப் பண்ணையாருடையது என்று இருந்தது, கூலி அரைப்படி கூடக் கேட்டதற்குக் கீழ்வெண்மணியில் 1968-இல் 44 பேரை எரித்தார்கள். தன் ஊரில் தன் கையில் ஒன்றுமில்லை என்ற நிலை, சாண்ட்லரும் லலாண்டும் எண்ணிய அந்த நிலை, இங்கே எத்தனை தெருக்களில் இருக்கிறது?

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது, காவிரியிலும் தண்ணீர் இல்லை. அந்த மார்கழியில் டெல்டா எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளைப் பார்த்து, 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அப்போது ஊரெல்லாம் ஒரே விவாதம், இறந்தவர் விவசாயியா இல்லையா, தற்கொலையா மாரடைப்பா. விவசாயி என்று காட்டுவதற்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். வாய்ச்சொல்லில் குத்தகைக்கு எடுத்து நட்டவரிடம் அது இருக்காது. நட்டு முடித்துக் கூலி வாங்கிப் போகிற ஆளிடம் கேட்கவே வேண்டாம். 2014-இலிருந்துதான் தேசிய அறிக்கையில் விவசாயக் கூலிகளை விவசாயிகளிடமிருந்து பிரித்துத் தனியாகக் காட்டுகிறார்கள். பிரித்துக் காட்டியதும் என்ன தெரிந்தது என்றால், 2022-இல் விவசாயத்தில் இறந்த 11,290 பேரில் விவசாயிகள் 5,207, கூலிகள் 6,083. விவசாயி தற்கொலை என்றதும் நம் மனதில் வருகிற படம், காய்ந்த வயலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் நிலக்காரர். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தப் படத்திலேயே இல்லாதவர்கள். ஒரு கட்டத்தை இரண்டாகப் பிரித்ததற்கே இவ்வளவு தெரிகிறது.

அந்த அக்கா வீட்டுக்குத் திரும்ப வருகிறேன். அவர் சொல்லச் சொல்லக் கேட்டதில் ஒரு காரணம் என்று எதையும் என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை, எந்தச் சாவிலும் அப்படி ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. அறுவடைக்கு மிஷின் வந்த பிறகு கதிர் அறுக்கிற வேலை போனது. கஜா புயலில் வீடு போய், கூரை போடக் குழுக் கடன் வாங்கி, அதை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கி, ஒரு வாரத்தில் மூன்று வசூல் நாள். கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் முதுகு பிசகித் திரும்பினார். குடியும் இருந்தது, அதை அக்கா மறைக்கவில்லை. கடைசி மூன்று வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார், இரவில் வாசலில் உட்கார்ந்தே இருந்தாராம். "ஒடம்பு முடியலன்னு நெனச்சேன் தம்பி, மனசு முடியலன்னு எனக்குத் தெரியல." எஃப்.ஐ.ஆரில் இதில் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால், பக்கத்துத் தெருவில் அதே மூன்று வசூல் நாளோடு, அதே முதுகு வலியோடு, டீக்கடைக்கு வருவதை நிறுத்திய இன்னொருவரை யாராவது முன்கூட்டியே போய்ப் பார்த்திருக்கலாம்.

அப்படிப் போய்ப் பார்க்கிற வேலையை ஒரு பூர்வகுடிச் சமூகம் செய்து காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஒயிட் மவுண்டன் அப்பாச்சி மக்கள் 2001-இல் தங்கள் குழு நிர்வாகத்தில் ஒரு விதி போட்டார்கள். சாக வேண்டும் என்று யாராவது பேசினாலோ, முயன்றாலோ, இறந்தாலோ, அது தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும். ஆசிரியர், டாக்டர், போலீஸ், சொந்தக்காரர் யாராக இருந்தாலும். சொன்னதும் அப்பாச்சிக்காரரே ஒருவர் அந்த ஆளைத் தேடிப்போய், உட்கார்ந்து பேசி, என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு, ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுவார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கூட இருந்து உதவியது, ஆனால் பதிவேடு அப்பாச்சிகளுடையது. 2001 முதல் 2006 வரை லட்சத்துக்கு 40 ஆக இருந்த தற்கொலை விகிதம் அடுத்த ஆறு வருஷத்தில் 24.7 ஆக இறங்கியது. அதே சமயத்தில் அமெரிக்காவின் பொது விகிதத்தில் அப்படி எந்த இறக்கமும் இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த விதியில் தண்டனை இல்லை என்பது. நம் ஊரில் உயிர் தப்பியவர் மேல், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவில் கேஸ் போட்டுக்கொண்டிருந்தோம், அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் தவறுதலாக நடந்துவிட்டது என்று டாக்டரிடமே பொய் சொன்னார்கள். 2017 மனநலச் சட்டம் அவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருத வேண்டும் என்று சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 இல்லை. இது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெல்டாவின் ஓரத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடத்தில், வங்கி லாக்கர் மாதிரி பெட்டிகளில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்து பார்த்தது. அந்த ஊர்களில் தற்கொலை குறைந்ததாக 2013-இல் எழுதினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் இதன் பின்னால் இருக்கிற உண்மை பெரியது. அந்த வேகம் பெரும்பாலோருக்குக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்ட வைத்தால் பிழைத்துக்கொள்வார்கள், பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்புறம் வாழ்ந்தே முடிக்கிறார்கள். இலங்கையில் கொடிய நச்சுள்ள மருந்துகளை 1995-லிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் குறைந்தது, சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நெல் விளைச்சலும் அதனால் விழுந்துவிடவில்லை. நாமும் அதையே செய்யலாம், கடைக்காரர்கள் கொஞ்சம் சத்தம் போடுவார்கள், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது மனசு சரியில்லை என்றால், இந்தக் கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். 104-உம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்துவிட்டார் என்று தோன்றினால் நேராகவே கேளுங்கள், சாகணும்னு தோணுதா என்று. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தப்பான பயம். யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து எங்கள் ஊரில் ஒரு அக்கா வீடு வீடாகப் போய் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை கொடுக்கிறார். மகளிர் குழுவிலிருந்து வந்தவர், தெற்குத் தெருக்காரர். வாரிசுச் சான்றிதழ் விஷயமாக அலைந்துகொண்டிருந்த நாளில் ஒரு தடவை அவர் கூட நடந்துபோனேன். ஒரு வீட்டில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பிரஷர் எண்ணை எழுதிவிட்டு, நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் என்னவோ குறித்தார். அது என்னக்கா என்றேன். யாரும் எழுதச் சொல்லவில்லையாம், அந்தச் சாவுக்கு அப்புறம் அவராக ஆரம்பித்தது. கோடு போட்டு மூன்று கட்டம், பெயர், தேதி, பக்கத்தில் ஒரு வரி. "சோறு சரியா திங்கல." "பேச்சு இல்ல." "மூணு நாளா வேலைக்குப் போவல." மொத்தம் ஆறு பெயர் இருந்தது. நாலாவது பெயருக்கு நேரே வேறு பேனாவில், "ஜி.எச்.க்குக் கூட்டிட்டுப் போனேன், மாத்திரை சாப்புடுறாரு, நேத்து டீக்கடையில பாத்தேன்" என்று எழுதியிருந்தது.